சர்வேயரம்மா சொல்லாத பதில்

அம்பாசமுத்திரம் பக்கம் யாரிடம் கேட்டாலும் சர்வேயரம்மா வீட்டுக்கு வழி சொல்வார்கள். காந்திமதி என்ற அவருடைய சொந்தப் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. நில அளவைத் துறையில் இருபத்தைந்து வருடம் சங்கிலி பிடித்தவர். வேலிச் சண்டைக்காக அளக்கப் போன இடங்களில், அளந்து முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். அந்த ஒரு வார்த்தையில் அண்ணன் தம்பிகள் மறுபடி பேசிக்கொண்டார்கள். நாளாக நாளாக, ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் அவரிடம் கேள்வி கேட்க வர ஆரம்பித்தார்கள்.

சீடர் என்று ஒருவர்தான். கோமதிநாயகம். கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவர் 'அம்மா' என்று கூப்பிடுவார். அம்மா 'அண்ணாச்சி' என்பார்.

ஐம்பத்து மூன்று வயதில் அம்மாவுக்கு மூளைத்தண்டில் ரத்தக் குழாய் அடைத்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் அசைந்தது. மேலே பார்த்தால் ஆம். மூடினால் இல்லை. அறிவில் ஒரு குறையும் கிடையாது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

கேள்வியோடு வருகிறவர்கள் அப்போதும் வந்தார்கள். நாயகம் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவார். சரியான எழுத்துக்கு அம்மா கண்ணை உயர்த்துவார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். சில மாதங்களில் கண்ணும் களைத்துப்போனது. ஆம், இல்லை என்ற இரண்டு மட்டும் மிஞ்சின.

ஒரு மத்தியானம் தென்காசியிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான். என்ன செய்யட்டும் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நாயகத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா என்ன சொல்லுதாகன்னா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு அதுவே வழக்கமாயிற்று. நாயகம் அம்மாவின் கண்ணைப் பார்ப்பார். புரிந்ததுபோல் தலையை ஆட்டுவார். பதில் சொல்வார். முப்பது வருடம் பிறர் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியவர் அவர். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்ததில்லை. இப்போது சேர்க்க ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை.

இப்படி மூன்று வருடம் ஓடியது.

பிறகு சென்னையிலிருந்து டாக்டர் ஷெரின் வந்தார். ஒரு ஆராய்ச்சிக் குழுவில் இருப்பவர். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவிடமே நேராகப் பேசினார்.

"மூளையில பேச்சை நடத்துற இடத்துல சின்னதா ஒரு தகடு வைப்போம். நீங்க பேச முயற்சி பண்ணும்போது அங்க எழும்புற துடிப்பை கம்ப்யூட்டர் வார்த்தையா மாத்தும். மண்டையைத் திறக்கணும். ஆபத்து இல்லைன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?"

அம்மாவின் கண் மேலே போனது. போன கண் இறங்கவே இல்லை.

"மண்டையைத் திறக்கணுமாம், வேண்டாம்மா" என்றார் நாயகம். அவருடைய அக்கறையைப் பார்த்து அம்மாவின் தங்கை வடிவு கண் கலங்கினாள். நாயகத்துக்கு மட்டும்தான் தெரியும், பயம் மண்டையைப் பற்றி இல்லை என்று.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விட்டார். "பேசப்போறது அம்மாவா, கம்ப்யூட்டரான்னு யாருக்குத் தெரியும்?"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மறுநாள், சென்னையில் யாரோ பொத்தானை அமுக்கினால் இங்கே அம்மா பேசுவாராம் என்று ஆனது. அதற்கு மறுநாள், அந்த மெஷின் பக்கத்தில் போனால் நம் மனசையும் படித்துவிடுமாம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து அம்மா வீடு திரும்பிய அன்று, பால்காரர் சுடலைமுத்து தலையில் துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தார். செம்பை வாசலிலேயே வைத்துவிட்டு ஓட்டமாக ஓடினார்.

பயிற்சி வாரக்கணக்கில் நடந்தது. ஷெரின் திரையில் ஒரு வாக்கியம் காட்டுவார். அம்மா அதைச் சொல்லப் பார்ப்பார். கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டது. அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய பிரிவுபசார விழாவில் அம்மா பேசிய வீடியோவிலிருந்து அவருடைய குரலை எடுத்துக் கோத்திருந்தார்கள்.

ஒரு காலையில் ஷெரின் சொன்னார். "இன்னைக்கு நான் எதுவும் காட்டப்போறதில்ல. உங்களுக்குத் தோணினதைச் சொல்லுங்க."

வடிவும் நாயகமும் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். திரையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"அந்த ஃபேன் மூணு வருஷமா கிரீச்சுன்னு கத்துது. உங்க யாருக்கும் காது கேக்கலியா?"

வடிவு ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு சுவிட்சைப் பிடித்தபடியே அழுதாள். ஷெரின் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாயகமும் அழுதார். அழுதுகொண்டே ஃபேனை அண்ணாந்து பார்த்தார். ஃபேன் சத்தம் கேட்ட காதில் மற்றதெல்லாம் விழாமலா இருந்திருக்கும்?

அன்று தனியாக இருந்தபோது கேட்டார்.

"அம்மா, இது மனசைப் படிக்குமா?"

"யார் மனசை, அண்ணாச்சி?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"நான் சொல்லப் பார்த்தா சொல்லும். சொல்லப் பாக்காட்டா சும்மா இருக்கும். வாயும் அப்படித்தானே?"

அம்மா இப்போது தினமும் பேசினார். நாயகம் சொன்ன பதில்களைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

ஆனால் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஷெரின் கவலைப்பட்டார். நாலு பேரோடு பேசிப் பழகினால்தான் கருவி தேறும். இல்லாவிட்டால் இந்த அளவிலேயே நின்றுவிடும்.

"ஏன் யாரும் வரலை?" என்று அம்மா கேட்டார்.

நாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் வடிவுதான் தெருத்தெருவாகப் போய் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வந்தது. வந்தவர்கள் முற்றத்துச் சுவரை ஒட்டியே நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அம்மாவைச் சுற்றிப் பத்தடிக்கு ஆளே இல்லை. பாதிப்பேர் தலையில் துண்டு.

சுடலைமுத்து சுவரோரமாக நின்றே கத்தினார். "அம்மா, நான் இப்ப என்ன நெனைக்கேன், சொல்லுங்க பாப்போம்!"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா பால்ல தண்ணி கூடிப்போச்சுன்னு வடிவு தினமும் அடுப்படியில திட்டுதா. அது காதுல விழுது."

கூட்டம் சிரித்தது. சிலர் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் தூக்குச்சட்டி. கைவிரல் இடுக்கில் கிரீஸ் கறை. நேராக நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்னை ஞாபகம் இருக்காம்மா? ஆவுடைத்தங்கம். போன வருஷம் எங்க வீட்டுக்காரர் தவறினப்போ வந்தேன். அவர் நடத்தின பைக் மெக்கானிக் கடையை வாடகைக்கு விடட்டுமா, நானே நடத்தட்டுமான்னு கேட்டேன். 'நாளைக்குக் காலையில ஷட்டரை நீயே தூக்கு. தூக்க முடியலைன்னா வந்து சொல்லு'ன்னீங்க. தூக்கிட்டேன்மா! அப்புறம் வரவே நேரம் இல்லை. இப்ப என்கிட்ட மூணு பேர் வேலை பாக்காங்க." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதை உங்க குரல்ல ஒரு தடவை கேக்கணும்னுதான் வந்தேன்."

நாயகம் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

திரையில் வார்த்தைகள் மெல்ல வந்தன.

"அதை நான் சொல்லலியே, தாயி."

ஆவுடைத்தங்கத்தின் முகம் வாடிவிட்டது.

"பாத்தியளா!" என்றார் சுடலைமுத்து. "மெஷின் தப்பாச் சொல்லுது! நாயகம் அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாக!"

"ஆமா, ஆமா" என்று நாலைந்து குரல்கள். துண்டுகள் மறுபடி இறுகின. ஷெரின் பதறிப்போய் வயர்களைக் குனிந்து பார்த்தார்.

அம்மா திருத்தவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை. நாயகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

எல்லோரும் நாயகத்தைப் பார்த்தார்கள். கோளாறுதான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் நம்பிவிடும். டாக்டர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மாவின் பதில்களை அவர் பழையபடி சொல்லிக்கொண்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது. அதைச் சொன்னது நான்தான்."

யாருக்கும் புரியவில்லை.

"அம்மா அன்னைக்கு எதுவுமே சொல்லலை. நானாச் சொன்னேன். அது மட்டும் இல்லை. மூணு வருஷமா இங்க வந்தவங்களுக்குச் சொன்னதெல்லாம் நான்தான். குட்டு உடைஞ்சுருமேன்னு பயந்து, கம்ப்யூட்டர் பேசும்னு டீக்கடையில கிளப்பிவிட்டதும் நான்தான்." நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார். "இப்பப் பேசுதது அம்மா. அம்மாவேதான்."

பின்னாலிருந்து ஒருவர் கோபமாகக் கேட்டார். "அப்ப என் மவ கல்யாணத்துக்குச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"நீரு சொல்லியா நான் சம்மந்தி கால்ல விழுந்தேன்!"

"ஆமா."

கேட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொன்னார். "விழுந்ததுனாலதான் கல்யாணம் நடந்துச்சு. அதை வேற சொல்லணும்."

ஆவுடைத்தங்கம் நாயகத்தை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் உதட்டோரம் துடித்தது.

"நீங்க சொல்லுததா இருந்தா நான் காதுலயே வாங்கியிருக்க மாட்டேன், அண்ணாச்சி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு அதிரசத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் திணித்தாள். "பிடிங்க. இது உங்களுக்கு உள்ளது."

முதலில் சிரித்தவை அம்மாவின் கண்கள்தான். பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. கூட்டம் நாற்காலியை நெருக்கிக்கொண்டு வந்தது. ஆளாளுக்குக் கேள்வி. கருவி கல்யாணத்தைக் கல்லாப்பெட்டி என்றது, தென்னங்கன்றைத் தென்காசி என்றது. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சிரிப்பு. ஷெரின் குறித்துக்கொண்டே இருந்தார், கை ஓயவில்லை. சுடலைமுத்து எப்போது துண்டை அவிழ்த்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போக மத்தியானம் ஆகிவிட்டது. நாயகம் அதிரசத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா, உங்களுக்கு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"படுத்துக் கிடக்கிறவளுக்கு வேற என்ன வேலை?"

"கோபம் வரலியா?"

"முதல் வருஷம் பூரா வந்துச்சு. எந்திரிச்சு ஒரு அறை விடணும்னு இருந்துச்சு." அம்மாவின் கண் அவர் கையிலிருந்த அதிரசத்துக்குப் போனது. "அப்புறம், இன்னைக்கு அண்ணாச்சி என்ன சொல்லப்போறாருன்னு கேக்கக் காலையிலேயே முழிச்சுக்குவேன்."

நாயகம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஆவுடைத்தங்கம் கேட்டப்போ உங்களுக்குப் பேச முடிஞ்சிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்கம்மா?"

"கடையை வாடகைக்கு விட்டுருன்னு சொல்லியிருப்பேன்."