அலமாரி மரியாதை

புதுச்சேரியில் அம்புரோஸ் வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு ஒயின்கள் குடியிருந்தன.

ஒன்று சீமை ஒயின். பிரான்சிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்தது. கூடத்துக் கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில், பல வருஷமாக நின்றுகொண்டே இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது.

மற்றது கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையில் பிறந்தது. விலை மலிவு. சமையலறையில் எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்புரோஸும் அவர் மனைவி அமலோற்பவமும் மீன் குழம்புச் சோற்றோடு ஆளுக்கு அரை டம்ளர் குடிப்பார்கள். தீர்ந்தால் புதுப் புட்டியில் அதுவே திரும்பி வரும்.

ஆனால் வாசலில் விருந்தாளியின் குரல் கேட்டால் போதும், அம்புரோஸ் ஓடிவந்து கம்பத்து ஒயினை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடுவார். சாப்பிட வேண்டும், நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாமாம்! இது என்ன நியாயம்?

"உனக்கென்ன, கொடுத்து வைத்தவன்!" என்று கம்பத்து ஒயின் கூடத்தைப் பார்த்துக் கத்தும். "விருந்தாளி முன்னால் ஒரு நாளாவது நான் மேசைக்கு வர வேண்டாமா?"

"என்னைப் பார்த்தா பொறாமைப்படுகிறாய்?" என்றது சீமை ஒயின். "தூசி தட்டுகிறார்கள், திறக்கத்தான் ஆளில்லை. நின்று நின்று தக்கை காய்ந்துவிட்டது. உள்ளே எனக்கு என்னவோ செய்கிறது."

"பெரிய இடத்துப் புலம்பல்!" என்று கம்பத்து ஒயின் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. சம்பந்தி கஸ்பார் முன்னால் அம்புரோஸ் சீமை ஒயினைத் திறந்தார். ஒரு வாய் குடித்ததும் எல்லோருக்கும் பல் கூசியது.

"அருமை!" என்றார் அம்புரோஸ், கண்ணை மூடிக்கொண்டு. "அருமை, அருமை" என்றது கூடம் முழுவதும். பொய் சொல்லக் கொஞ்சமும் கூச்சமில்லை!

கஸ்பார் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. இது வினிகரா போயிடுச்சு. நீங்க வழக்கமா சாப்பிடுறது ஏதாச்சும் இருந்தா குடுங்க."

அமலோற்பவம் எழுந்து போய், அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கம்பத்து ஒயினை எடுத்துவந்து ஊற்றினாள். கஸ்பார் வஞ்சிரக் குழம்போடு ஒரு மிடறு குடித்தார்.

"அட, இதையா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? குழம்புக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!"

கம்பத்து ஒயினுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கடைசிச் சொட்டுவரை சிரித்துக்கொண்டே போனது.

மறுநாள் அம்புரோஸ் புதுப் புட்டி வாங்கிவந்தார். துணியால் துடைத்தார். கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்து, பூட்டி, விளக்கைப் போட்டார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமைக்கு?" என்றாள் அமலோற்பவம்.

"தொடாத! சம்பந்தியே பாராட்டினது. பெரிய மனுஷங்க யாராச்சும் வந்தா தெறக்கலாம்."

"அநியாயம்!" என்று கம்பத்து ஒயின் உள்ளேயிருந்து அலறியது. "சோற்றோடு சேர வந்தவன் நான்! என்னை ஏனய்யா சிலையாக்குகிறீர்கள்?"

சமையலறையிலிருந்து பழைய சீமை ஒயினின் குரல் வந்தது. "இன்றைக்கு என்னை மீன் ஊறுகாயில் ஊற்றினார்கள். அந்த அம்மா விரலை நக்கிப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன் குழம்புக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது. அலமாரி விளக்கை மட்டும் அம்புரோஸ் மறக்காமல் போட்டிருந்தார்.