கீழத்தெரு ஜெயித்த வருஷம்

"பாதி ஊர் எழுந்து போயிடுச்சு, டீச்சர்! என் படத்துல என்ன குறை?"

கேட்டவர் ரெமிஹியோ. வயது ஐம்பத்திரண்டு. கூஸ்கோ நகரத்தில் ஆயிரம் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த மனுஷன். ஆவணப்படம் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான சத்துர்னீனாவைத் தேடி இந்த ஆண்டிஸ் மலையூருக்கு வந்திருந்தார். சத்துர்னீனா இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஜனங்களையே படமெடுப்பவர்.

இங்கே உருளைக்கிழங்கு விதைப்பு ஒரு திருவிழா. பொதுக்காட்டை மேலத்தெருவும் கீழத்தெருவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, காலால் மிதிக்கும் ஏர் கொண்டு போட்டிபோட்டு உழும். முதலில் முடித்த தெருதான் ஊர்வலத்தில் முன்னே ஆடும்.

அதைத்தான் ரெமிஹியோ படமெடுத்திருந்தார். பள்ளிக்கூட ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, பகலிலேயே ஊருக்குப் போட்டுக் காட்டினார். படத்தில் மேலத்தெரு முதலில் முடித்தது. கீழத்தெரு எழுந்து வெளியே போனது.

"நிஜத்துல முதல்ல முடிச்சது யாரு?" என்றார் சத்துர்னீனா.

"கீழத்தெருதான். ஆனா கடைசி வெயில் மேலத்தெருப் பொம்பளைங்க பாவாடைமேல விழுந்துச்சு பாருங்க, அடடா! அதையே ஜெயிக்கிற காட்சியா வெச்சு முன்னே பின்னே மாத்திட்டேன். சும்மா வரிசைதானே?"

சத்துர்னீனா அவரை வெளியே கூட்டிப்போய், சுவரோரம் கிடந்த ஏரை எடுத்து நீட்டினார்.

"உழுங்க."

பன்னிரண்டாவது மிதியில் மனுஷனுக்கு மூச்சு முட்டியது. இருபதாவதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"கீழத்தெரு பதினோரு வருஷமா தோத்துக்கிட்டே இருந்துச்சு" என்றார் சத்துர்னீனா. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் படம் தலைநகரத்துத் திரைப்பட விழாவுக்குப் போயாக வேண்டும். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போயே போய்விட்டது. ரெமிஹியோ எடிட்டிங்கை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் நாள் கீழத்தெருவில் வாசல் வாசலாக நின்றார். "தப்புப் பண்ணிட்டேன். வந்து பாருங்க."

வந்தார்கள், மேலத்தெருவும் கூடவே வந்தது. திரையில் கீழத்தெரு முந்தியதும் பசிலியா என்பவள் பெஞ்சுமேல் ஏறிவிட்டாள்.

"அது நான்தான்! அந்தக் கடைசி மண்கட்டியைப் புரட்டிப் போட்டது நான்தான்!"

"சரி சரி, ஒரு சால்தானே பிந்தினோம்?" என்று மேலத்தெரு முணுமுணுத்தது. "அடுத்த வருஷம் பாரு."

"அடுத்த வருஷம் ரெமிஹியோ எங்களுக்கு ஏர் பிடிப்பாரு!" என்றது கீழத்தெரு.

"அதெப்படி? அவர் குடியிருக்கிறது எங்க தெருவுல!"

சண்டை பிடித்துக்கொண்டது. ரெமிஹியோ இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். ஆயிரம் கல்யாணத்தில் ஒருத்தர்கூட அவரை எங்க ஆளு என்று சொன்னதில்லை.

"நான் ஏர் பிடிச்சா, யார் படமெடுக்கிறது டீச்சர்?"

சத்துர்னீனா கையை நீட்டினார்.

"கேமராவைக் கொடுங்க."