பெள்ளிராஜின் மூன்று ஜோடி கையுறைகள்

கோத்தகிரி மேல் மைதானத்தில் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜெசிந்தா. வயது இருபத்தெட்டு. மாநிலப் பெண்கள் அணிக்கு ஐந்து வருடம் கோல் காத்தவர். அதிகம் பேச மாட்டார்.

அவரிடம் பயின்றவர்களில் மூத்தவர் பெள்ளிராஜ். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், வயது நாற்பத்திரண்டு. அவர் ஜெசிந்தாவை மாஸ்டர் என்பார். ஜெசிந்தா அவரை அண்ணே என்பார். இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, பனி விலகும் முன்பே பெள்ளிராஜ் வந்து, ஈரப் புல்லில் மூன்று ஜோடி கையுறைகளை வரிசையாக வைத்தார்.

"மாஸ்டர், எனக்கு எந்த கட் சரி?"

"என்னென்ன இருக்கு?"

"இது ஃபிளாட் கட். விரலுக்கு லூசா இருக்கும், பரப்பு ஜாஸ்தி. இது ரோல் கட். ரப்பர் விரலைச் சுத்தி வரும், பந்து எந்தப் பக்கம் பட்டாலும் ஒட்டும். இது நெகட்டிவ் கட். தையல் உள்பக்கம், விரலை இறுக்கிப் பிடிக்கும்."

"எதைப் போட்டு ஆடினீங்க?"

"மூணையும்தான். பஸ் டிப்போ மேட்ச்ல ஃபிளாட் ரெண்டு கோல் விட்டுச்சு. ஆஸ்பத்திரி டீமோட ஆடுனப்ப ரோல் மூணு விட்டுச்சு. போன வாரம் நெகட்டிவ் நாலு."

"நீங்க?"

பெள்ளிராஜ் யோசித்தார். "நான் எதுவும் விடலை மாஸ்டர்."

ஜெசிந்தா தலையசைத்தார். பெள்ளிராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படியே போனா, அடுத்த மேட்ச்ல இருந்து கோல்ல தங்கவேலுவை நிக்க வச்சிடுவேன்னு ஃபேக்டரி மேனேஜர் சொல்லிட்டார்."

"அவர் கோலியா?"

"ஸ்டோர் கீப்பர். பேர்லயே கீப்பர் இருக்கேங்கிறார் மேனேஜர்."

ஜெசிந்தா பந்துகளை எடுத்துவந்தார். "ஃபிளாட்டைப் போடுங்க."

பத்துப் பந்து உதைத்தார். நேரே வந்த நான்கையும் பெள்ளிராஜ் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஓரமாகப் போன ஆறையும், கோல் கோட்டில் நின்றபடி கண்ணால் வழியனுப்பி வைத்தார்.

"ரோல்."

நான்கு நின்றன. ஆறு போயின.

"நெகட்டிவ்."

நான்கு. ஆறு.

"கழட்டிடுங்க. வெறுங்கை."

உள்ளங்கை சிவந்தது. நான்கு நின்றன.

பெள்ளிராஜ் கையை உதறிக்கொண்டே வந்தார். "எல்லாத்துலயும் நாலுதான். ரோலும் நெகட்டிவும் சேர்ந்து ஒண்ணு வந்திருக்காம் மாஸ்டர். அதை வரவழைக்கட்டுமா?"

ஜெசிந்தா பெள்ளிராஜைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அண்ணே, உங்க ஜெர்சியை வீட்ல யாரு துவைக்கிறது?"

"நான்தான் மாஸ்டர். மத்தவங்க வீட்ல சேறு போக ரெண்டு தடவை ஊற வைக்கிறாங்களாம். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. நனைச்சுப் பிழிஞ்சாப் போதும். எல்லா மேட்சுக்கும் புதுசு மாதிரியே..."

குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். முழங்கையில் மண் இல்லை. இடுப்பில் புல் இல்லை. போன வருடம் பாய்ந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு தான் ஒருமுறைகூட விழவில்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்று ஜோடிகளையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை, பைக்குள் கை விட்டபோது முதலில் அகப்பட்ட ஜோடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். எட்டாவது நிமிடத்தில் வலது ஓரமாக ஒரு பந்து வந்தது. பெள்ளிராஜ் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தார். பந்து ஏற்கெனவே வலைக்குள் போயிருந்தது. அவர் விழுந்ததைப் பார்த்த தொழிற்சாலைக்காரர்கள், மயக்கம் போட்டுவிட்டாரென்று தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்கள்.

"ஒண்ணுமில்லை. நானாத்தான் விழுந்தேன்," என்றார் பெள்ளிராஜ்.

தோளைத் தடவிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

அதற்குப் பிறகு பதினோரு தடவை விழுந்தார். அதில் நான்கு தடவை விழ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று தடவை பந்து விரல் நுனியில் பட்டு வெளியே போனது. ஒன்றுக்கு இரண்டு என்று தொழிற்சாலை தோற்றது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் தங்கவேலு ஓடிவந்து, சேற்றோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். "அடுத்த மேட்ச்லயும் நீங்கதானாம். மேனேஜர் சொல்லிட்டார்," என்றபோது தங்கவேலுவுக்கு நிம்மதியில் கண் கலங்கியிருந்தது.

ஜெசிந்தா கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். பெள்ளிராஜ் நொண்டிக்கொண்டே அவரிடம் போனார்.

"மாஸ்டர், இருந்தாலும் கேட்கிறேன். உண்மையிலேயே எனக்கு எந்த கட்?"

ஜெசிந்தா அவருடைய கையுறையைக் கழற்றி, கையை விரித்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"விரல் குட்டை. உள்ளங்கை அகலம். ஃபிளாட் போடுங்க."

பெள்ளிராஜ் கையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"வியாழக்கிழமை நீங்க கைக்குக் கேட்கலையே, அண்ணே."