மகாராஜாவின் பட்டில் ஒரு பால்கறை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை வச்சிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட உடுத்தினார் என்பதே பொருத்தம். காலையில் ஒரு பட்டு, கொலுவுக்கு ஒரு பட்டு, கொட்டாவி விட ஒரு பட்டு.

அத்தனை பட்டும் கொண்டல்ராயரின் சாயக்கொட்டகையிலிருந்து வந்தவை. விடிந்ததும் பெண்களை உள்ளே விட்டு, கங்காணி வெளியே பூட்டிச் சாவியை ராயரிடம் ஒப்படைக்க வேண்டும். ராயர் யாரையும் நம்பாத மனுஷர். பொழுது சாயும்வரை சாவி அவர் இடுப்பிலேயே தொங்கும்.

ராஜா பார்வையிட வரமாட்டாரா? வருவார், வருஷம் ஒருமுறை. மூன்று நாள் முன்னதாக முரசு அறைந்துவிட்டு வருவார், அதுதான் மரியாதையாம். முரசு கேட்டதும் பூட்டு போய்த் தோரணம் வரும். ராஜா மூக்கைப் பன்னீர்த் துணியால் பொத்திக்கொண்டு “பேஷ்!” என்பார். பல்லக்கு தெருமுனை திரும்புவதற்குள் தோரணம் போய்ப் பூட்டு வரும்.

அந்தப் பூட்டுக்குள்தான் செவந்தி சாயம் முக்கினாள். நாலு மாதப் பிள்ளை வெளியே வேப்பமரத் தூளியில். உள்ளே ஆறு கொப்பரை கொதிக்கும். ஒரு பொறி பறந்தாலும் அவள் கண் கதவுக்குப் போகும். தீப்பிடித்தால் யார் வந்து திறப்பது? பிள்ளை வீரிட்டால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவாள். “பொழுது சாயட்டும்!” என்று கங்காணியின் குரல் வரும். அப்படி ஒருநாள் பிள்ளை அழ அழ, அவள் மார்போடு அணைத்திருந்த வெள்ளைப் பட்டில் பால் கசிந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் சாயம் சரியாக ஏறவில்லை.

ராஜா கொலுவில் அதைக் கண்டுபிடித்தார். “ராயரே! என் மேலாடையில் கறை! யார் செய்தது?”

“அடியேனுக்கு என்ன தெரியும், மகாராஜா? கொட்டகையெல்லாம் கங்காணி பாடு. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியேன்.”

மறுநாள் காலை, கொட்டகையைப் பூட்டுமுன் கங்காணி காட்டிக்கொடுக்க, செவந்தியை இழுத்துவந்து நிறுத்தினார்கள். தலை போனால் பிள்ளைக்கு யார் என்ற நினைப்பில் அவள் குனிந்து நின்றாள். குனிந்த கண்ணுக்கு ராயரின் இடுப்பு தெரிந்தது. அதில் அந்த இரும்புச் சாவி. ஒரு யோசனை பளிச்சிட்டது.

“மகாராஜா, அது கறையில்லை, தாய்ப்பால். பால் பட்ட பட்டை உடுத்தும் ராஜாவுக்கு நூறு வயசு என்பார்கள். ஆனால் தெரியாமல் பட்டால் பலிக்காது. கொட்டகைக்குப் பொறுப்பானவர் தெரிந்தே செய்வித்திருக்க வேண்டும்.”

ராஜா மீசையை நீவினார். “நூறா! செய்வித்தவருக்கு யானைமேல் ஊர்வலம்! யாரய்யா பொறுப்பு?”

“அடியேன்தான்!” என்று ராயர் முன்னே பாய்ந்தார்.

“திசையே தெரியாது என்றீரே?”

“தன்னடக்கம், மகாராஜா! அங்கே நடப்பதெல்லாம் என் உத்தரவு. ஓர் ஈ வெளியேற வேண்டுமானாலும் என்னைக் கேட்க வேண்டும். இதோ பாருங்கள், சாவி!”

செவந்தி நிமிர்ந்தாள். “சபையே கேட்டுக்கொள்ளட்டும். நூறு வயசு நான் சொன்ன பொய். சாவி மட்டும் நிஜம். கொதிக்கும் கொப்பரையோடு எங்களைப் பூட்டிவைத்துவிட்டு அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவர் இவர். என் பிள்ளைக்கு இல்லாத பால்தான் உங்கள் தோளில் இருக்கிறது.”

“நான் வந்தபோது பூட்டே இல்லையே, பெண்ணே?”

“முரசு அடித்துவிட்டுப் போனால் திருடன்கூடத் திருநீறு பூசி உட்கார்ந்திருப்பான், மகாராஜா.”

சபை சிரித்தது. ராஜாவின் முகம் பட்டைவிடச் சிவந்தது. யாரைத் திட்டுவதென்று சற்று நேரம் தேடிவிட்டு, ராயர் பக்கம் திரும்பினார். “பூட்டை உடையுங்கள்!”

“நாளைக்குப் புதுப்பூட்டு வரும். கதவையே கழற்றிக் கொடுங்கள்” என்றாள் செவந்தி.

“கழற்றுங்கள்! இனி அங்கே ஒருத்திக்குக் கொப்புளம் கண்டாலும் ராயர் தலைதான் பதில் சொல்லும். ஊர்வலம் என்று வாக்குக் கொடுத்தேன், மாறமாட்டேன். யானை முன்னால் போகட்டும். ராயர் கதவைத் தலையில் சுமந்து பின்னால் வரட்டும்!”

அப்படியே நடந்தது. ராஜா சும்மா இருப்பாரா? தம் கருணையை ஊருக்குச் சொல்ல முரசு அறையச் சொன்னார். அந்தச் சத்தத்தில் தூளியில் தூங்கிய பிள்ளை விழித்து வீரிட்டது. கொப்பரையருகே நின்ற செவந்தி கையிலிருந்த பட்டைப் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல், கதவில்லாத வாசல் வழியே நடந்துபோய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.