மேட்டின் முடிவில் காத்திருந்தவன்

நீலகிரி மலைப்பாதைகளில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. இரண்டிரண்டு பேராக ஓட்ட வேண்டும். ஒருவன் நின்றுவிட்டால் மற்றவனுக்கும் பந்தயம் இல்லை. முன்னால் வந்தவனின் நேரத்தை யாரும் குறிப்பதில்லை. பின்னால் வந்தவனின் நேரமே இருவருக்கும் நேரம்.

ஐந்தாம் நாள் ஓட்டம் முடிந்த பிற்பகலில், சேந்தன் தன் ஆசிரியை பார்கவியைத் தேடி வந்தான். அவளும் ஒரு காலத்தில் இதே பாதைகளில் ஓட்டியவள். இப்போது பிறருக்குப் பயிற்சி தருகிறாள். அன்றுதான் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

சேந்தன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, பெனடிக்ட் நாளைக்கு ஓட்ட மாட்டானாம்."

"விழுந்துட்டானா?"

"ஒரு கீறல் இல்ல. நல்லா உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டிருக்கான். ஏன்டான்னு கேட்டா, 'முடியல'ங்கிறான். அவ்வளவுதான். அதுக்கு மேல வாயே திறக்கல."

"நாளைக்கு எப்படிப்பட்ட ஓட்டம்?"

"இருக்கறதுலயே சின்னது. அதுலயும் பாதி இறக்கம். எட்டு மாசம் சேர்ந்து பழகியிருக்கோம் அக்கா. இப்ப என்னையும் சேர்த்துக் கவுக்கறான்."

"அவனை விட்டுட்டு நீ முன்னாடி போனியா?"

"போனேன். ஆனா ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் நின்னேனே! தாண்டிப் போறவனுங்க, 'என்ன மாப்ள, பஸ்ஸுக்கா நிக்கிற?'ன்னு கேட்டுட்டுப் போனானுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் வர்றப்ப வாழைப்பழத்தை உரிச்சுத் தயாரா வச்சிருப்பேன். ஒரு வார்த்தை திட்டினதில்ல. இதுக்கு மேல ஒருத்தன் என்ன செய்யணும்? நீங்க சொன்னா கேப்பான். வந்து சொல்லுங்க."

"சொல்லலாம். முதல்ல அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்துட்டு வருவோம், வா."

தொட்டி, முகாமுக்கு மேலே தேயிலைச் சரிவின் உச்சியில் இருந்தது.

"இப்பவா? ரெண்டு காலும் கல்லா இருக்கு."

"நடக்கத்தானே கூப்பிட்டேன்?"

அவள் சில ஆரஞ்சுப் பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வேகமாக நடந்தாள். முதல் வளைவுக்குள் சேந்தன் பின்தங்கிவிட்டான்.

அங்கே ஒரு பாறை இருந்தது. பார்கவி அதில் உட்கார்ந்து, காலை நீட்டி, தண்ணீர் குடித்து, ஒரு பழத்தைத் தின்றாள். இன்னொன்றை உரித்து வைத்தாள். சேந்தன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"வந்துட்டியா? இந்தா." பழத்தை அவன் கையில் வைத்தாள். "போலாம்."

அவன் பாறையைத் தொடுவதற்குள் அவள் எழுந்து நடந்துவிட்டாள்.

அடுத்து, தேயிலை நிறுக்கும் கொட்டகை. அங்கிருந்த பெஞ்சில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். சேந்தன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் பழமே இன்னும் கையில் இருந்தது.

"வந்துட்டியா? இந்தா. போலாம்."

இரண்டாவது பழமும் அவன் கைக்கு வந்தது.

தொட்டிக்குக் கீழே கடைசி மேடு. பார்கவி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவன் தலை தெரிந்ததும் எழுந்து, பையைத் தோளில் மாட்டினாள்.

"நில்லுங்க அக்கா!" சேந்தன் கத்தினான். "நீங்க உட்கார்ந்து எழுந்துட்டீங்க. நான் இன்னும் உட்காரவே இல்ல!"

"உனக்காகத்தானே காத்திருந்தேன்?" என்றாள் அவள். "ஒரு வார்த்தை திட்டினேனா?"

நசுங்கிய பழத்தின் சாறு சேந்தனின் மணிக்கட்டில் வழிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். இந்த முறை அவள் போகவில்லை. அவன் மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

முகாமுக்குத் திரும்பியதும் அவன் நேரே பெனடிக்டிடம் போனான். பெனடிக்ட் தன் சைக்கிளின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், தப்பு எம்மேலதான். நீ வந்து சேர்ந்ததும் நான் கிளம்பிக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு இடத்துலகூட உன்னை நிக்க விடல."

"ஆமா," என்றான் பெனடிக்ட். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா."

"சொல்றதுக்கு மூச்சு வேணுமே."

சேந்தன் அவன் எதிரில் குந்தினான். "நாளைக்கு நான் உன் பின்னாடியே வரேன். நீ நிக்கற இடத்துல நிக்கறேன். நீ கிளம்பினப்புறம் கிளம்புறேன். சத்தியமா."

பெனடிக்ட் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை.

"சாப்பிட்டியா? உனக்கும் எடுத்து வச்சிருக்கேன். ஆறிடும், போய்த் தின்னு."

சொல்லிவிட்டு, கைப்பிடியில் கட்டியிருந்த தன் பந்தய எண் அட்டையை அறுத்து எடுத்தான். பழந்துணியோடு சேர்த்துப் போட்டான்.

மறுநாள் காலை ஜோடி ஜோடியாக எல்லாரும் கிளம்பினார்கள். சேந்தன் முழு உடையில், சைக்கிளைப் பிடித்தபடி, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றான். அவன் சைக்கிளில் எண் அட்டை அப்படியே இருந்தது. பார்கவி பக்கத்தில் வந்து நின்றாள்.

கடைசி ஜோடியும் முதல் மேட்டில் ஏறி மறைந்தது.

"எனக்குத்தான் புரிஞ்சிடுச்சே அக்கா. அவன்கிட்ட ஒத்துக்கவும் செஞ்சேன். அப்புறமும் ஏன் வரல?"

பார்கவி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரிஞ்சது உனக்கு," என்றாள். "களைச்சது அவன்."