சண்முகக்கனி கேட்ட வேர்ச்சொல்

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. உடன் படித்த மாசானமுத்து சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் எங்களுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்பித்தவர் எட்வின் சார். "கிரேக்க, லத்தீன் வேர் இருநூறு போதும். எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்லிடலாம். நான் அகராதியைத் தொட்டே பத்து வருஷமாச்சு" என்பார்.

அங்கே கூட்டிப் பெருக்கும் சண்முகக்கனி அக்கா, நர்சிங் உதவியாளர் தேர்வுக்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். அன்று சார் பார்த்துவிட்டார்.

"விளக்குமாத்துக்கும் வேர்ச்சொல் வேணுமாக்கும்? நான் கேக்குற சொல்லுக்குப் பொருள் சொல்லு. தெரியலன்னா இனி இங்க உட்காரக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். தானும் சிரித்ததாக மாசானமுத்து தலைகுனிந்து சொன்னான்.

"சொல்லுதேன் சார். முதல்ல நான் ஒண்ணு கேக்கேன். ஒரு இங்கிலீஷ் சொல்லோட லத்தீன் வேருக்குக் குட்டி எலின்னு அர்த்தம். அந்தச் சொல்லு எதைக் குறிக்கும்?"

"இதென்ன பெரிய விஷயம்? வளையில வாழுற ஏதோ சின்னப் பிராணி."

அக்கா முழங்கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். "இதுதான் சார். மசில். பயாலஜி வகுப்பு போர்டுல இருந்துச்சு. அழிக்கதுக்கு முன்னால எல்லாத்தையும் படிச்சிருவேன்."

"பொய்!" என்று சார் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அகராதியை எடுத்தார். புரட்டிப் புரட்டி அதன் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. தேடிப் படித்தார். "சரி, உட்காரு" என்றார்.

சார் தந்த இருநூறு வேர்களில் ஒன்றைக்கூட நான் சரிபார்த்ததில்லை. அக்கா சொன்னதை மட்டும் நம்பாமல் நூலகத்துக்குப் போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மசில் என்ற சொல், குட்டி எலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் வந்திருக்கிறது.