வண்டியைச் சுற்றி ஒருமுறை

சொல்லிக்கொடுத்தவளுக்கு வயது இருபத்து மூன்று. கற்றுக்கொள்ள வந்தவளுக்கு முப்பத்தொன்று. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள். சிஷ்யை குருவை மிஸ் என்றாள்.

"பெனிட்டான்னே கூப்பிடுங்க அக்கா."

"வராது மிஸ். நான் சிஸ்டருங்க ஸ்கூல்ல படிச்சவ. சொல்லிக்குடுக்கிறவங்கன்னா மிஸ்தான்."

கோவில்பட்டியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்த டிரைவிங் ஸ்கூல். ஒரு மேஜை, ஒரு பழைய கார், சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம். காலை ஆறரைக்கு முதல் வகுப்பு.

பெனிட்டா உடனே காரில் ஏறவில்லை. அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். முன்னால் குனிந்து பார்த்தாள். பின்னால் குனிந்து பார்த்தாள். பிறகுதான் கதவைத் திறந்தாள்.

எதிரில் டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, இந்தக் காருக்கு அடிப்பிரதட்சணம் என்னைக்கு?"

"உங்க டீயில பால் ஊத்துற அன்னைக்கு, அண்ணாச்சி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கற்றுக்கொள்ள வந்த செண்பகவல்லி சிரிக்கவில்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அக்கா."

"இந்தப் பயம் எப்போ போகும்?"

"எந்தப் பயம்?"

செண்பகவல்லி சொன்னாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டுச் சித்தப்பா வாசலில் நின்ற காரைப் பின்னால் எடுத்தார். காருக்குப் பின்னால் அவருடைய அண்ணன் குழந்தை கோலப்பொடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நடந்ததை யாரும் செண்பகவல்லியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வழியாகக் கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

"எனக்கு ரெண்டரை வயசுல ஒரு பொண்ணு. நிலானி. நான் எங்க போனாலும் பின்னாடியே வருவா மிஸ். குளிக்கப் போனாக் கதவை ஒட்டி உக்காந்திருப்பா. கதவைத் திறந்தா அவ மேல இடிக்கும்."

பெனிட்டா ஓட்டுபவர் இருக்கையைக் காட்டினாள்.

"ஏறி உக்காருங்க."

"இன்னைக்கேவா?"

"உக்காரத்தான் சொன்னேன்."

செண்பகவல்லி உட்கார்ந்தாள். பெனிட்டா கதவைச் சாத்திவிட்டு எங்கேயோ போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் மட்டும் வந்தது.

"வலது கண்ணாடில என்ன தெரியுது?"

"ரோடு. ஒரு சைக்கிள்."

"இடது பக்கம்?"

"சுவர். வேப்பமரம்."

"உள்ள, நடுவுல இருக்கிற கண்ணாடில?"

"டீக்கடை போர்டு."

"காருக்குப் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

செண்பகவல்லி மூன்று கண்ணாடிகளையும் மறுபடி பார்த்தாள். கழுத்தைத் திருப்பியும் பார்த்தாள்.

"யாரும் இல்லை மிஸ்."

"அப்போ பின்னாடி எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"இறங்கி வாங்க."

செண்பகவல்லி இறங்கிப் பின்பக்கம் வந்தாள். காரின் பம்பரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, குழந்தை உட்கார்வதுபோல பெனிட்டா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

செண்பகவல்லியும் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எடுத்திருந்தா?"

பெனிட்டா கையை விரித்தாள். சாவி அவளிடம் இருந்தது.

"பயம் எப்போ போகும்னு கேட்டீங்க. இப்போ கூடிருச்சா, குறைஞ்சிருச்சா?"

"கூடிருச்சு மிஸ்."

"சரி. நாளைக்கும் ஆறரைக்கே வந்துருங்க."

நான்காம் நாள் பெனிட்டா ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது.

"தூசி வருது. என் பக்கத்துக் கண்ணாடிய ஏத்துங்க அக்கா."

கண்ணாடி ஏற்றும் நான்கு பொத்தான்களும் செண்பகவல்லியின் கைக்குப் பக்கத்தில் இருந்தன. சாலையைப் பார்த்தபடியே ஒன்றை இழுத்தாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். திரும்பினாள்.

கண்ணாடி விளிம்பில் பெனிட்டா பிடித்திருந்த பிஞ்சு இரண்டாகியிருந்தது. ஒரு பாதி வெளியே விழுந்துவிட்டது.

செண்பகவல்லி தன் சுண்டுவிரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெனிட்டா மிஞ்சிய பாதியைக் கடித்தாள். "உப்பு இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து செண்பகவல்லி திரும்பிப் பார்க்காமல் எந்தக் கண்ணாடியையும் ஏற்றவில்லை. பின்பக்கக் கண்ணாடிகளைப் பூட்டிவைக்கும் பொத்தான் எது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பின்கதவை உள்ளேயிருந்து பிள்ளை திறக்க முடியாதபடி செய்ய, கதவின் விளிம்பில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதையும் கண்டுபிடித்தாள்.

ஒருநாள் கீரைக்காரியைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கட்டு வாங்கிட்டு ஓடி வந்துருதேன் மிஸ்."

"இறங்குறதுன்னா முழுசா இறங்கணும் அக்கா."

முழுசா என்றால் என்னவென்று பெனிட்டா விளக்கவில்லை. செண்பகவல்லி தானாகவே கியரை நியூட்ரலுக்கு எடுத்தாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், என்ஜினை அணைத்தாள், சாவியை உருவினாள். அதற்குள் கீரைக்காரி அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

இருபதாம் நாள் செண்பகவல்லி இன்னொரு கேள்வி கேட்டாள். ஒரு வாரமாக மனதில் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"மிஸ், சுத்திப் பாத்துட்டு ஏறுறோம். ஏறினதுக்கு அப்புறம் யாராவது வந்து உக்காந்துட்டா?"

பெனிட்டா அவள் பக்கம் திரும்பினாள்.

"இறங்கணும்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

"இறங்கிப் பாத்துட்டு ஏறுறோம். அதுக்கு அப்புறமும் வந்துட்டா?"

"அன்னைக்கு நடந்தே போயிருங்க அக்கா."

அன்று இருவரும் சிரித்தார்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்த பத்தாம் நாள் வீட்டுக்குக் கார் வந்தது. வெள்ளை நிறம். முன்பக்கம் உயரம். செண்பகவல்லி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் எதிரில் நிற்பவர்களின் மார்புக்கு மேல்தான் தெரிந்தது.

"பின்னாடி கேமரா இருக்கு. பூனை வந்தாக்கூடக் கத்தும்" என்றான் கணவன் சங்கரவேல். "இனிமே நீ இறங்கிச் சுத்தவே வேண்டாம்."

"முன்னாடி?"

"முன்னாடி பாக்கத்தான் உனக்குக் கண்ணு இருக்கே."

வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோவில் வாசலில் பூஜை. பத்தரைக்கு ராகு காலம். ஐயர் வந்து சேரும்போதே பத்து இருபது.

"மருமகதான் முதல்ல எடுக்கணும்" என்றாள் மாமியார். "வீட்டு மகாலட்சுமி."

செண்பகவல்லி பட்டுப்புடவையோடு காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். சகலரும் அதைச் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொண்டார்கள். மாமியார்கூடத் தலையை ஆட்டினாள். செண்பகவல்லி ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஐயர் தொடங்கினார். கண்ணாடியில் சந்தனம், குங்குமம். முன்பக்கம் மாலை. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டினார். தேங்காய் உடைத்தார். சில்லு பொறுக்க யார் யாரோ குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். எத்தனை பேர் குனிந்தார்கள், எத்தனை பேர் நிமிர்ந்தார்கள் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை.

"ம், எடும்மா. பழத்து மேல ஏத்தி எடு" என்றார் ஐயர்.

செண்பகவல்லி தலையை வெளியே நீட்டினாள்.

"நிலானி எங்க?"

"அம்மாகிட்ட" என்றான் சங்கரவேல். அவன் எதிரில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கண் போனில் இருந்தது.

"இங்கதான் நிக்கா. நீ எடு" என்றது மாமியார் குரல். கூட்டத்துக்கு நடுவில் அவள் தலை மட்டும் தெரிந்தது. கை தெரியவில்லை.

"பத்து இருபத்தெட்டு" என்றார் ஒருவர்.

பின்னால் மினி பஸ் ஹாரன் அடித்தது. வழி விடச் சொல்லி மறுபடி அடித்தது.

"வா, வா, வா" என்று சங்கரவேல் ஒரு கையால் கூப்பிட்டான்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்து முதல் கியரில் போட்டாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். மாலைக்கு அந்தப் பக்கம் கணவனின் சட்டை தெரிந்தது. மாலைக்கும் சட்டைக்கும் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று அடி உயரத்தில் ஒரு உலகம் இருக்கிறது. அவளுடைய பெண் அந்த உயரம்.

"யாரும் இல்லை, எடு!" என்றார்கள் கூட்டத்தில்.

"எடும்மா!"

"பத்து இருபத்தொன்பது!"

கிளட்ச் மேலே வரத் தொடங்கியது. வண்டி ஒருமுறை அதிர்ந்தது.

செண்பகவல்லி கிளட்சை முழுவதும் மிதித்தாள். கியரை எடுத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். என்ஜினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஏட்டி, எங்க இறங்குத?" மாமியார் கத்தினாள். "ஏறின வண்டிய விட்டு இறங்கலாமா? நேரம் போகுதுட்டி!"

செண்பகவல்லி முன்னால் போனாள். இரண்டு எலுமிச்சம்பழம். முழங்காலை மண்ணில் ஊன்றி அடியில் பார்த்தாள். பின்சக்கரத்திலும் இரண்டு. பின்னால் போனாள். ஒரு தேங்காய்ச் சில்லு, கொஞ்சம் பூ.

யாரும் இல்லை.

நிமிர்ந்தாள். கோவில் படியில் நிலானி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பாட்டியின் முந்தானை, மறு கையில் வாழைப்பழம். அவர்கள் சொன்ன அதே இடத்தில்.

"பத்து முப்பத்தொண்ணு" என்றார் அந்த ஒருவர். ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மினி பஸ் ஓரமாக ஒடித்து முன்னால் வந்தது. "என்னக்கா, பழம் ஏதும் காணாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான் அதை ஓட்டியவன். கூட்டம் சிரித்தது.

பன்னிரண்டு மணி வரை கார் வாசலிலேயே நின்றது. வெயிலில் மாலை வாடியது. யாரும் செண்பகவல்லியோடு பேசவில்லை. பன்னிரண்டு அடித்ததும் சங்கரவேல் ஏறினான். பழத்தின் மேல் ஏற்றி எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"முதல்ல உனக்குப் பயம் போகட்டும். அப்புறம் தாரேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். மெதுவாகத்தான் சொன்னான்.

மறுநாள் ஆறரைக்கு, நிலானியை இடுப்பில் வைத்துக்கொண்டு, செண்பகவல்லி நடந்தே டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள். நடந்ததை நின்றபடியே சொன்னாள். பெனிட்டா காரின் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குக் கார் வராது மிஸ். அவர் சொன்னதுதான் சரி."

பெனிட்டா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க எல்லாரும் சொன்னதும் சரிதான். இவ பாட்டிகிட்டதான் நின்னா. நான்தான் பைத்தியம் மாதிரி இறங்கி, பூஜையைக் கெடுத்து..."

"முன்னாடி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அடியில?"

"பட்டுப்புடவையோட முட்டி போட்டுப் பாத்தேன் மிஸ்."

"பின்னாடி?"

"பாத்தேன். யாருமே இல்லை."

"அங்க எத்தனை பேர் நின்னாங்க?"

"முப்பது பேர் இருக்கும். முப்பது பேரும் அதைத்தான் சொன்னாங்க. யாரும் இல்லை, எடு, எடுன்னு."

பெனிட்டா துணியை உதறினாள்.

"முப்பது பேரும் சொன்னாங்க. பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான் அக்கா."